எல்லைக்கல்லுக்கு வெளியே

பெர்காமத்துல, நோய் தீர்க்கிற அஸ்க்லேபியஸ் சாமி கோயில்ல, குணமானவங்க பேரைக் கல்லுல வெட்டுறது என் வேலை. கண்ணு சரியானவன் மண்ணால கண்ணு செஞ்சு கோயில் சுவர்ல மாட்டுவான், காலு சரியானவன் காலு செஞ்சு மாட்டுவான். சுவரைப் பார்க்கிறவனுக்கு இங்க வந்தவங்க யாருமே சாகலைன்னு தோணும். தோணாதா பின்னே? கோயிலுக்குள்ள சாவு விழுந்தா தீட்டுன்னு, சாகக் கிடக்கிறவங்களைத்தான் கோயில் வேலையாள் கிளைகோன் முன்னாடியே கோயில் எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட கொண்டுபோய்ப் போட்டுடுவானே!

முப்பது வருஷமா அதுதான் அவன் பிழைப்பு. பாதத்தைத் தொட்டுப் பார்ப்பான். சில்லுன்னு இருந்தா சாவு நெருங்கிடுச்சுன்னு அள்ளித் தோள்ல போட்டுக்குவான். "என் கை பொய் சொல்லாதுடா"ன்னு பீத்திக்குவான். நானும் நம்பினேன், மடப்பய.

கோயில்ல படுத்துத் தூங்குற நோயாளிக்குக் கனவுல சாமி வைத்தியம் சொல்லும். அவன் பொண்டாட்டி அம்மியாவும் நெஞ்சுச்சளியோட வந்து படுத்தா. ஊத்துத்தண்ணியில குளின்னு கனவுல சாமி சொல்லிச்சாம். கொட்டுற பனியில விடிகாலையில குளிச்சிட்டு வந்து, அசந்து தூங்கிட்டா. அது தெரியாம வந்த கிளைகோன் பாதத்தைத் தொட்டான். முகமே செத்துப்போச்சு.

"எழுப்பிப் பாருடா"ன்னேன்.

"என் பொண்டாட்டின்னா சட்டம் வேறயா? ஊரே காறித் துப்பும்டா." அழுதுக்கிட்டே தூக்கினான்.

கல்லைத் தாண்டி வாடைக்காத்து பட்டதும் அவ முழிச்சுக்கிட்டா. "ஏய்யா, இங்க எதுக்குக் கொண்டாந்தே? இப்பத்தானே குளிச்சிட்டுப் படுத்தேன்?"

அவளைத் தூக்கிக்கிட்டே திரும்பி ஓடினான். பூசாரி ஸோஸிமோஸ் வாசல்ல மறிச்சார். "சாவுக்குன்னு வெளியே போன உடம்பு உள்ள வரக்கூடாது. இதை எத்தனை பேர்கிட்ட நீயே சொல்லியிருக்கே, கிளைகோன்?"

கால்ல விழுந்தான். நானும் விழுந்தேன். அந்த ஆள் அசையவே இல்லை. நாசமாப் போக!

வெளியூர் சனம் தங்குற கொட்டகையில கிடத்தினோம். நாலு பக்கமும் காத்து. இருமல் முத்திப்போச்சு. மூணாம் நாள் மத்தியானம் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. அவன் அவ காலைத் தேய்ச்சுச் சூடுபண்ணிக்கிட்டிருந்தான்.

"ஏய்யா, அங்க எல்லாரையுந்தானே ஊத்துல குளிக்கச் சொல்றாங்க?"

"ஆமா புள்ளே. பேசாதே."

"அப்போ எல்லார் காலும் சில்லுன்னுதானே இருந்திருக்கும்?"

தேய்ச்சுக்கிட்டிருந்த கை நின்னுபோச்சு.