ஆயாவின் முகத்துக்கு நூற்றிருபது வரி

எங்கள் அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழுத்தில் எப்போதும் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி கயிற்றில் தொங்கும். அதனால் லென்ஸ் அக்கா. படங்களை ஸ்கேன் செய்து, சரிபார்த்து, பிலிம் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அந்தப் பிலிமிலிருந்து செய்த பிளேட்டை மாட்டி மெஷின் ஓட்டுவது என் வேலை. பதினோரு வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். அதில் பாதி நாள் சண்டை. அவருக்குக் கோபம் மூக்கு நுனியில். "உன் வாய்க்கு ஒரு மாமியார் பத்தாதுடி" என்று அவர் மாமியாரே சொன்னாராம். அதை விருது வாங்கியதுபோல் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

முதலாளி புது பிலிம் மெஷின் வாங்கினார். அங்குலத்துக்கு இரண்டாயிரத்து நானூறு புள்ளி. அன்றிலிருந்து அவர் கால் தரையில் இல்லை.

"இனிமே எல்லாப் படமும் இருநூறு வரிதான்" என்று உத்தரவு போட்டார்.

மெஷினின் அந்த நுண்புள்ளிகள் பல சேர்ந்துதான் ஒரு அச்சுப் புள்ளி. அச்சில் படம் அப்படிப் புள்ளி புள்ளியாகத்தான் விழும். அங்குலத்துக்கு எத்தனை வரி என்பது அந்தப் புள்ளிகளின் நெருக்கம். வரி கூடக் கூடப் புள்ளி சிறுக்கும். பளபளப்பான தாளில் அது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நாங்கள் ஓட்டியதோ மையைக் குடிக்கிற சொரசொரத் தாள். அதில் மை பரவி, பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவே துளி வெள்ளைத் தாள் தெரிந்தால்தான் கண்ணுக்கு அது சாம்பல் நிறம். இல்லாவிட்டால் வெறும் கறுப்பு. இதை அக்கா முதலாளியிடம் நாலு முறை சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலர் வந்தது. கடைசிப் பக்கம் முழுக்க, முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெறும் ஆயாவின் படம். மாதிரித் தாள் ஓட்டிப் பார்த்தேன். ஆசிரியர்களெல்லாம் எப்படியோ தப்பித்தார்கள். ஆயாவின் இடத்தில் சீருடையின் வெள்ளைக் காலரும், அதற்கு மேலே ஒரு மைத்திட்டும்.

"கறுப்பா இருக்கிறவங்க கறுப்பாத்தானே வருவாங்க?" என்றார் முதலாளி.

"ஃபோட்டோவைப் பாருங்க சார். கன்னத்துல வெளிச்சம் இருக்கு, கண்ணுல சிரிப்பு இருக்கு. அதையெல்லாம் மூடினது நம்ம புள்ளி" என்றார் அக்கா.

"சரி, முகத்தைக் கொஞ்சம் வெளுத்து விடு."

"வெள்ளையடிக்க அவங்க என்ன சுவரா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதலாளியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"வரியைக் குறைச்சா என் மெஷினுக்குத்தான் அவமானம். இஷ்டமில்லைன்னா வேற வேலை பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா சாப்பிடவில்லை. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாம்பல் கட்டங்களை அதே தாளில் என்னை ஓட்டச் சொல்லி, எந்தக் கட்டத்தில் மை அடைக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஆயாவின் படத்தை மறுபடி ஸ்கேன் செய்தார். நூற்றிருபது வரி. எவ்வளவு இருட்டான இடமானாலும் கறுப்பு நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. மிச்சத்தைப் பரவுகிற மை தானே நிரப்பிக்கொள்ளும்.

பிலிமை என்னிடம் கொண்டுவந்தார். "முதலாளி கேட்டா என்னக்கா சொல்றது?" என்றேன்.

"நான் குடுத்தேன்னு சொல்லுங்க தம்பி. மறைக்க இதென்ன திருட்டா?"

ஒரு தாள் ஓட்டிக் கொடுத்துவிட்டு, பழைய பிளேட்டையே திரும்ப மாட்டிவைத்தேன். உண்மையில் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் மாதிரி பார்க்கத் தலைமை ஆசிரியை வந்தார், கூடவே ஆயாவும். முதலாளி தன் இருநூறு வரித் தாளைப் பெருமையாக மேசையில் விரித்தார். ஆயா குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சிரித்தார்.

"நான்தான். ஃபோட்டோல நான் எப்பவும் இப்படித்தான் வருவேன். பழகிடுச்சு."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குள் அக்கா உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"பழகக் கூடாதும்மா" என்று சொல்லி, தன் தாளை அதன்மேல் வைத்தார்.

ஆயா தாளில் தன் நெற்றியை விரலால் தொட்டார். "இது ஊஞ்சல் இடிச்ச தழும்பு. ஒரு பிள்ளையைப் பிடிக்கப் போய் நான் வாங்கிக்கிட்டேன்." பிறகு தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமா குரூப் ஃபோட்டோல நின்னேனே டீச்சர். எல்லாத்துலயும் எனக்கு இந்த முகம் இருந்திருக்கும், இல்லையா?"

தலைமை ஆசிரியை நிமிராமலே அக்காவின் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போனதும் முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி. இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும்."

"இல்ல சார். இந்தத் தாள்ல ஓடுற எல்லாப் புத்தகத்துக்கும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய் இருநூறு வரி பிளேட்டைக் கழற்றினேன்.