மீனுக்கு ஒரு டப்பா, மச்சானுக்கு ஒரு டப்பா

கல்யாணமாகி இத்தனை நாளாகியும் என் பர்மிய மனைவியின் அண்ணன் என்னோடு பேசியதில்லை. தின்கன்ஜூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார், தங்கையிடம் பர்மீஸில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுத் தேநீரைப் பார்த்துக்கொள்வார். தமிழன் தங்கையைக் கட்டிக்கொண்டானே என்ற கோபம் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

அவருக்குத் தூண்டில் பைத்தியம். த்வாண்டே பக்கத்துக் குளத்துக்கு நானும் வருகிறேன் என்று மனைவி மூலம் தூது விட்டேன். மீன் சிக்காவிட்டால் போகிறது, மச்சான் சிக்கினால் போதும்.

தவிட்டை வறுத்து, கடலைப்பிண்ணாக்கைப் பொடித்து, கனிந்த வாழைப்பழம் விட்டுப் பிசைந்து, கெண்டை மயங்கட்டும் என்று பெருங்காயத்தைத் தாராளமாகத் தூவி இரை உருட்டினேன். எங்கள் பசிக்கு மனைவி உள்ளே தேங்காய்ப்பூ வைத்து வெல்லக் கொழுக்கட்டை பிடித்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே உருண்டை. டப்பாக்களோ இரட்டைப் பிள்ளைகள்.

குளத்தில் அவர் மண்புழு கோத்துக் கெண்டையாக எடுத்துக்கொண்டிருந்தார். என் தக்கை அசையவே இல்லை. ஒரு டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். எங்கள் பேச்சு பர்மீஸில்தான்; இங்கே தமிழில் தருகிறேன்.

"சாப்பிடுங்கண்ணே. உங்க தங்கச்சி செஞ்சது."

ஒன்றை வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை.

இரை மாற்றலாமென்று தூண்டிலை இழுத்தேன். முள்ளிலிருந்த உருண்டை பிளந்து உள்ளே தேங்காய்ப்பூ தெரிந்தது.

"அண்ணே, நீங்க தின்னது மீனுக்குள்ளது."

தாடை நின்றது. "அப்ப நீ மீனுக்குப் போட்டது?"

"தங்கச்சி கொழுக்கட்டை."

"மீன் தொடலையா?"

"தொடல."

"வெவரமான மீனு. அவ சமையல் தெரியும் போல."

"நல்லா இல்லன்னா துப்பியிருக்கலாமேண்ணே?"

"உங்க ஆளுங்க பலகாரம் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். துப்பினா நீ வருத்தப்படுவியே. ஏற்கெனவே நீ எங்கிட்ட பேசவே மாட்டேங்கிற."

பேசாதவன் நானாம்! என் மனம் நோகக்கூடாதென்று பிண்ணாக்கு தின்ற மனிதர் அவர். இப்படியொரு மரியாதையை மாப்பிள்ளை விருந்தில்கூட நான் கண்டதில்லை.

இப்போது என்னை 'யவுக்பா' என்றுதான் கூப்பிடுகிறார். நம் மச்சான்தான் அது. குளக்கரையில் டப்பா திறந்தால், "யவுக்பா, மொதல்ல நீ ஒண்ணு தின்னு காட்டு" என்பார். போன வாரம் வேண்டுமென்றே இரை டப்பாவை நீட்டினார். பெருங்காயம் மூக்கைத் துளைத்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றேன்.

"எப்படி இருக்கு?"

"தங்கச்சி கைப்பக்குவமே தனிண்ணே" என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.