பன்னிரண்டு மெஷின்களுக்கு ஒரு பெரட்டு

முப்பது வருடத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்ட தொழில் கம்ப்யூட்டர். அது என் கையைவிட்டுப் போகாமல் காப்பாற்றியவர் மேசை துடைக்கும் ஓர் அக்கா. இதைச் சொல்ல இன்றைக்கு எனக்குக் கூச்சமில்லை. அன்றைக்கு இருந்தது.

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில், ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்றார்கள். எனக்கு அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள மட்டும் நன்றாகத் தெரியும்.

முதல் நாளே அந்த முகத்துக்குச் சோதனை. மேசை துடைத்துக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் துணியை அப்படியே போட்டுவிட்டார்.

"தம்பி, நீ நம்ம நாலாவது லயத்துப் பையன்தானே? அம்மா நல்லா இருக்காங்களா?"

லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவரும் என் அம்மாவும் அடுத்தடுத்த மர நிரையில் பால் வெட்டியவர்கள். ஆனால் நான் ஈப்போ டவுன்காரன் என்று சற்று முன்புதான் எல்லாரிடமும் அளந்துவிட்டிருந்தேன்.

"நீங்க வேற யாரையோ நெனச்சிக்கிட்டுப் பேசுறீங்க," என்றேன்.

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். "மன்னிச்சிருங்க சார்," என்று துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு சார்.

அலுவலகத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். எதிலும் டிஸ்க் கிடையாது. கண்ணாடி அறையில் இருந்த பெரிய மெஷினிலிருந்து கேபிள் வழியாக ஆபரேட்டிங் சிஸ்டம் வந்து இறங்கினால்தான் அவற்றுக்கு உயிர் வரும். விற்றவர்கள் பொருத்திக் கொடுத்துவிட்டுக் கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டார்கள். தினமும் காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சுவிட்சைத் தட்டுவார்கள். நாலோ ஐந்தோ மெஷின் எழுந்துகொள்ளும். மற்றவை கறுத்த திரையோடு அப்படியே கிடக்கும். நான் கேபிளைப் பிடுங்கிச் செருகி, கையேட்டைப் புரட்டி, பத்து மணிக்கு ஒருவழியாக ஓட்டிவிடுவேன்.

மேனேஜர் பொறுமையான சீனர். மூன்றாவது மாதக் கடைசியில் அவருக்கே பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தால் மெஷின்களைத் திருப்பி அனுப்பிவிடுவதாக மலாயில் சொன்னார். என்னையும் சேர்த்துத்தான்.

வியாழக்கிழமை காலை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். குப்பைக் கூடையை எடுக்க வந்த அக்கா தயங்கி நின்றார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் ஒரே நேரத்துல தட்டுறாங்களே, பெரட்டுல அப்படியா பேர் கூப்பிடுவாங்க?"

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் ஆள்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. டவுன்காரனுக்கு அது தெரிந்திருக்கக் கூடாது. ஆனால் என் வாய் முந்திக்கொண்டது.

"ஒருத்தர் ஒருத்தராத்தான் கூப்பிடுவாங்க."

அக்கா சிரிக்கவில்லை. அதற்காகவும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"அப்ப இதுக்கும் அப்படியே செய்யலாம் லா. நான் ஏழு மணிக்கே வாரேன். ஒரு மேசைய தொடச்சி மெஷின தட்டிவிட்டு, எழுத்து வந்தப்புறம் அடுத்ததுக்குப் போறேன்."

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு உள்ளே நுழைந்தேன். பன்னிரண்டு திரையிலும் எழுத்து வந்திருந்தது. ஒரே நேரத்தில் எல்லாம் கேட்டால் திணறிய பெரிய மெஷின், ஒவ்வொன்றாகக் கேட்டதும் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டிருந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. எட்டு மணிக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்து நேராக வேலையைத் தொடங்கினார்கள். மேனேஜர் வரிசையை இரண்டு முறை சுற்றிவந்தார்.

"என்ன செய்தாய்?" என்று என்னிடம் கேட்டார்.

நான்தான் கேபிளைச் சரிசெய்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மூன்று மாதப் பழக்கம் லேசில் விடுமா? அக்கா கடைசி மேசைக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றிருந்தார், நிமிரவில்லை.

"நான் செய்யவில்லை. அந்த அக்கா செய்தார்," என்று எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னேன். "என் அம்மாவோடு பால் வெட்டியவர். நாங்கள் ஒரே தோட்டம்."

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாகுஸ், நல்லது. திங்கட்கிழமையும் இப்படியே இருக்க வேண்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை நிலைத்துவிட்டது.

நன்றி சொல்லத்தான் அக்காவிடம் போனேன். அவருடைய வாளியைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தேன். அவர் துணியைப் பிழிந்து உதறினார்.

"அம்மா நல்லா இருக்காங்களா, தம்பி?"