பெயர் கேட்காமல் எரித்தவர்கள்

தோட்டச் சாமான் கடையில் விற்பனைக்கு அடுக்கியிருந்த பழைய தண்டவாளக் கட்டைகளின் தார் மணம் இன்று மூக்கில் ஏறியதும், எண்பதுகளில் நாங்கள் இருந்த, பிறகு இடிக்கப்பட்ட ஃபாரஸ்ட் கேட் வீட்டின் பின்வளவு நினைவில் வந்தது. ரயில் போகும்போதெல்லாம் கொடியில் காயும் உடுப்புகள் நடுங்கும் வளவு. மேலறையில் வாடகைக்கு இருந்த மலேசியாக்கார மாரி அன்ரி, உலகப்போர்க் காலத்தில் சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரர் ரப்பர் தோட்டத்திலிருந்து பிடித்துப்போன தன் அப்பாவைப் பற்றி எல்லோரிடமும் விசாரிப்பார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரும் அங்கே போர்க்கைதியாக வேலை செய்தவர் என்று அறிந்ததும் அன்ரி, ஆங்கிலத்தில் கேட்டுச் சொல்ல என்னை வேலியருகே இழுத்துப் போனார்.

"அப்பா பேரு முனியன். பாத்தாரான்னு கேளும்மா."

கேட்டேன். தமிழர்கள் வாந்திபேதியில் கூட்டமாகச் செத்தார்கள், பெயர் தெரியாமலே சேர்த்து எரித்தோம் என்றார் கிழவர். தமிழில் சொன்னேன்.

"எல்லாரையும் ஒண்ணாவா?"

"ஓம், அன்ரி."

"அவருக்கு நன்றி சொல்லிடும்மா" என்றவர், அதன்பிறகு அப்பாவைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை.