பஞ்சு ஒட்டிய கையோடு மயிலாப்பூரில்

1994, தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கும்பகோணத்திலிருந்து ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டே வந்த ரயில், காலை ஐந்தரைக்கு என்னையும் என் மனைவியையும் எழும்பூரில் இறக்கிவிட்டது. நடைமேடை எங்கும் காபி மணம். எனக்கோ பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன்.

எனக்குச் சர்க்கரை வியாதி. அடுத்த தடவையும் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் இன்சுலின் ஊசிதான் என்று தியாகராய நகர் டாக்டர் போன முறையே தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஊசி என்றாலே எனக்குப் பயம். அன்றிலிருந்து அடுப்படியில் என் மனைவி சரோஜாவின் சட்டம்தான். சோறு பாதி, காய் இரண்டு மடங்கு, சர்க்கரை இல்லாத காபி, சாப்பிட்டதும் மகாமகக் குளத்தைச் சுற்றி நடை. ஆறு மாதம் முணுமுணுத்துக்கொண்டே அடங்கிக் கிடந்தேன்.

மயிலாப்பூருக்கு ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார்.

"இன்னா சார், காலைலயே கோயிலா?"

"ரத்தம் கொடுக்கப் போறேன்."

"அட, பெரிய மன்சன்பா நீ!" என்று முப்பதுக்கு இறங்கிவந்தார். தானம் என்று நினைத்துவிட்டார் போலும். நான் திருத்தவில்லை.

கபாலீசுவரர் குளத்தருகே இருந்த பரிசோதனைக் கூடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு இடது கையை நீட்டினேன். ரத்தம் எடுத்த பெண் பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டு, "டிபன் சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை வாங்க சார்" என்றாள்.

வடக்கு மாட வீதி ஓட்டலில் நுழைந்ததுமே சர்வர் என் கையைப் பார்த்துவிட்டார். "ரத்தம் குட்த்துக்கினு வர்றியா சார்? அந்த மூலைக்குப் போ. உங்க செட்டு அங்க கீது."

மூலையில் அத்தனை பேரும் ஒரு கையை மடக்கிக்கொண்டு மறு கையால் சாப்பிடுகிறார்கள்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் நான் ஒளித்து வைத்திருந்த வியாதிக்கு இங்கே தனிப் பந்தியே போட்டிருந்தார்கள்.

எதிரே ஒரு மாமா ஒற்றை இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். "நாலு நாளா ஆத்துல அரைப் பட்டினி ஓய். ரிப்போர்ட் ஜோரா வரும். அதை வாங்கிண்டு நேரே பாதாம் அல்வாதான்!" என்று கண் சிமிட்டினார்.

எனக்கும் சபலம் தட்டியது. "ஒரு இட்லி போதும்" என்றேன் சர்வரிடம்.

"ரெண்டு இட்லி, சாம்பார்" என்று திருத்தினாள் சரோஜா. ஈரத்துணியில் முடிந்து கொண்டுவந்த முளைப்பயற்றை என் இலையில் வைத்தாள். "வீட்டுல தின்னதையே தின்னுங்க. நான் ஆறு மாசம் ஆக்கிப் போட்டது பலிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

மாமா தன் சாம்பாரைப் பார்த்து, "ஆத்துக்காரி ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்றார்.

மீதி நேரம் மாட வீதிகளைச் சுற்றி வந்தோம். வெயில் ஏறுவதற்குள் பாதிக் கடைகள் திறந்துவிட்டன. சரோஜா கொத்தவரங்காயை ஒடித்துப் பார்த்து விலை பேசினாள். ஊருக்குத் தூக்கிப்போகப் போவதில்லை, சும்மா ஒரு ஆசைக்கு. மறுபடி ரத்தம் கொடுத்து, சாயங்காலம் ரிப்போர்ட்டோடு 12பி பஸ்ஸில் நெரிபட்டுத் தியாகராய நகர் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஊசி வேண்டாம். இதே மாத்திரை, இதே சாப்பாடு. என்ன பண்ணினீங்க?"

"நான் முணுமுணுத்தேன் டாக்டர். மத்ததெல்லாம் இவதான்."

வெளியே வந்தபோது தரையில் கால் பாவவில்லை. பாண்டி பஜாரில் ஒரு மிட்டாய்க் கடை வாசலில் சரோஜா சட்டென்று நின்றாள்.

"எனக்கு ஒரு ஜாங்கிரி வாங்கிக் குடுங்க."

"உனக்குத்தான் இனிப்பே பிடிக்காமப் போச்சே?"

"யாரு சொன்னா? நீங்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்கையில எனக்கு எப்படி இறங்கும்?"

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு மிட்டாய்க் கடை உண்டு. ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் கேட்கவில்லை. நானும் ஏன் என்று யோசிக்கவில்லை. இப்போது நட்ட நடுக் கூட்டத்தில், பாகு மணிக்கட்டில் வழிய வழியத் தின்றாள். நான் வாயில் ஒரு துளி வைக்கவில்லை. ஆனாலும் எனக்கு நெஞ்செல்லாம் தித்தித்தது.

"இன்னொண்ணு?" என்றேன்.

சரோஜா வெட்கப்படாமல் கையை நீட்டினாள்.