ஒன்பது பில்லர்

எங்கள் குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். எந்த வருஷம் வெளிச்சுவருக்குப் பெயிண்ட், எந்த வருஷம் குழாய் மாற்றுவது, எந்த வருஷம் கூரையைப் பெயர்த்து மறுபடி போடுவது என்று முப்பது வருஷத்துக்குக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. பராமரிப்புக்கு இங்கே ஓண்டர்ஹௌட் என்று பெயர். உட்ரெக்ட் நகரத்தின் புறத்தே இருக்கிற இந்தக் கட்டடத்தில், உச்சி மாடியில் எனக்குச் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. ஜன்னல் சட்டம் மாற்றுகிற வருஷத்தில் எனக்கு அறுபத்தொன்று நடக்கும். தினமும் வேலைக்கு இறங்கும்போது அந்த வரியை வாசித்துவிடுகிறேன். பயமும் இல்லை, நிம்மதியும் இல்லை. பஸ் நேரம் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போகிறேன்.

தச்சநல்லூரில் அப்பா வீடு கட்டியபோது நான் பத்தாம் வகுப்பு. கல்லூரி ஆபீஸில் கிளார்க் வேலை பார்த்தவருக்குக் கீழ்வீடு முடிப்பதற்குள் மூச்சு முட்டிவிட்டது. ஆனாலும் தட்டட்டிக்கு மேலே ஒன்பது பில்லரிலும் கம்பியை இடுப்புயரம் விட்டுவைத்தார். மொட்டைமாடியைத் தட்டட்டி என்றுதான் நாங்கள் சொல்வோம். கம்பி எதற்கு என்று ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே மகள், ஆகவே மேல்வீடு எனக்கு. வரப்போகிற குளியலறைக்குக்கூடக் குழாயை நீட்டி, மரக்கட்டையால் அடைத்துவைத்திருந்தார். வருஷாவருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, துருப்பிடிக்காமலிருக்கக் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசுவார். பச்சை வாளியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவது என் வேலை. வெயிலில் எரிச்சலாக வரும். ஆனாலும் எந்தப் பக்கம் என் ஜன்னல் வரும் என்று மனசுக்குள் வைத்துப் பார்ப்பேன். அப்பா போன பிறகு யாரும் பூசவில்லை.

இங்கேயும் இப்போது மேலே கட்டுகிற பேச்சுதான். குடியிருக்க வீடு போதவில்லை என்று, இந்தப் பகுதியிலுள்ள பழைய கட்டடங்களின் தலையில் இன்னொரு தளம் ஏற்றலாம் என்கிறது நகராட்சி. ஒப்டொப்பன் என்கிறார்கள். கட்டடம் தாங்கும் என்று எஞ்சினியர் சொல்லிவிட்டார், வீட்டுக்காரர்கள் ஓட்டுப் போட வேண்டியதுதான் பாக்கி. அதைப் பற்றிப் பேச வந்தவர்தான் பக்கத்து வீட்டு விம். என் சுவரிலிருந்த படத்தில் அம்மா கம்பிகளுக்கு நடுவே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேல்தளம் புயலில் போய்விட்டதா என்று அவர் மெதுவாகக் கேட்டார். இல்லை, இன்னும் கட்டவில்லை என்றேன். எப்போது ஆரம்பிக்கிறார்கள்? தேதி ஒன்றும் இல்லை என்றேன். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்போல, என் தோளைத் தொட்டு வருத்தம் சொன்னார். விளக்கிச் சொல்கிற அளவுக்கு எனக்கு டச்சு வரும். இன்னொரு கப் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

அதே வாரம் அம்மா போன் செய்தாள். டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், சுற்றி வளைக்கத் தெரியாது. துரு வழியாகத் தண்ணீர் இறங்கி, அவள் படுக்கிற அறையில் காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது.

"கொத்தனாரு கேக்காரு. மேல கெட்டுதியளா, இல்ல கம்பிய அறுத்து மூடிரவான்னு. நீ என்னட்டி சொல்லுத?"

திரும்பி வருவியா என்று இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கம்பியைப் பற்றித்தான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். சொன்னபடியே கூப்பிட்டு, "அறுத்துரச் சொல்லிருங்கம்மா" என்றேன்.

"சரிட்டி" என்றாள். அடுத்து, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். போனை வைத்ததும் அழுகை வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். வரவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில், மேல்தளத்துக்குச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கினேன். யாரோ வந்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது, அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

போன வாரம் அம்மா ஒரு படம் அனுப்பினாள். லிஃப்டில் ஏறும்போதுதான் பார்த்தேன். எட்டு பில்லரிலும் கம்பியை அறுத்து மழுங்கப் பூசியிருந்தார்கள். கிழக்கு மூலையில் ஒன்றில் மட்டும் கம்பி அப்படியே நின்றது. கொத்தனார் மறந்துவிட்டாரா என்று கேட்டு அனுப்பினேன்.

"துணி காயப்போடக் கொடி கெட்டணும்லா. அத மட்டும் விட்டுரச் சொன்னேன்."

படத்தைப் பெரிதாக்கினேன். கம்பியில் சிமெண்ட் பால் அப்போதுதான் பூசின ஈரம். பக்கத்தில் பச்சை வாளி. முட்டுவலியோடு அதைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறாள். நிமிர்ந்தால், சுவரிலிருந்த அட்டவணையில் எங்கள் கூரைக்கும் மேலே, வரப்போகிற தளத்துக்கென்று புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். உச்சி மாடி வந்து கதவு திறந்தது, மூடியது. யாரோ கீழிருந்து பொத்தானை அழுத்தினார்கள். நான் இறங்காமல் அதோடு போய்க்கொண்டிருந்தேன்.