நிற்கக் கூடாத வண்டி

இந்த வண்டியைச் செய்த கம்பெனி என்னை ஏமாற்றிவிட்டது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. ஆரணி ஊருக்குள் பட்டு நூல் ஏற்றி இறக்கத்தான் வண்டி வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்கினேன். இந்த வேலைக்கு இந்த வண்டி ஒத்துவராது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே என் தலையில் கட்டினார்கள்.

நடந்தது போன வருஷம் ஆடி முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். இடம், ஆரணியிலிருந்து வேலூர் போகும் சாலை, கண்ணமங்கலத்துக்குப் பாதி வழியில்.

அதற்கு முன் வண்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னுடையது டீசல் பிக்கப். சாயப்பட்டறையில் நூல் கட்டுகளை ஏற்றி, தறிக்காரர்கள் வீட்டு வாசலில் இறக்குவேன். ஒரு நடை இரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். பத்து வீட்டுக்குப் பத்து முறை நிறுத்தி, பத்து முறை கிளப்ப வேண்டும். காலையில் தறிக்குப் பூட்டும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்திருந்தால் அதை எடுக்கும் வரை தெருமுனையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் ஓட்டம்.

இப்போது வரும் டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். புகையில் இருக்கும் கரியை அது பிடித்துவைத்துக்கொள்ளும். சேர்ந்த கரியை அதுவே சூடாகி எரித்துவிட வேண்டும். அந்தச் சூடு வருவதற்கு வண்டி நல்ல வேகத்தில், நிற்காமல் ஓட வேண்டும். ஊருக்குள் நின்று நின்று போனால் சூடு ஏறாது, கரி அடைத்துக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? வண்டி எடுத்த அன்று எனக்கு மாலை போட்டார்கள், சாவியைப் பெரிதாக அட்டையில் செய்து கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். இதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதமே ஸ்டியரிங்குக்கு எதிரே மஞ்சள் விளக்கு எரிந்தது. வேலூரில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த சூபர்வைசர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்க டிரைவிங் ஸ்டைல் சரியில்ல" என்றார்.

"என்னா தம்பி ஸ்டைலு? எங்க ஊரு தெருவுல அறுபதுல போனா என்னைய கட்டி வச்சி உதைப்பாங்க."

"அதுக்கு இல்ல சார். வாரத்துக்கு ஒரு தடவ ஹைவேல அறுபதுல இருபது நிமிஷம் விடுங்க. ஃபில்டர் க்ளீன் ஆவும்போது இந்த லைட்டு மின்னும். அது அணையுற வரைக்கும் எது வந்தாலும் நிறுத்தாதீங்க."

"நிறுத்துனா?"

"ரெண்டு மூணு தடவ பாக்கும். அப்புறம் வண்டி தன்னால வேகத்த குறைச்சிக்கும். அப்படி ஆச்சுன்னா எங்ககிட்டதான் வந்தாவணும்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் காலி வண்டியை எடுத்துக்கொண்டு கண்ணமங்கலம் வரை போய்த் திரும்புவது என் வேலையாகிவிட்டது. ஏற்ற ஒன்றும் இல்லை, இறக்கவும் ஒன்றும் இல்லை. என் மனைவி வாசலில் நின்று கேட்பாள். "வண்டிக்கு காத்து வாங்க கூட்டிகினு கிளம்பிட்டியா? கல்யாணம் ஆவி இத்தினி வருஷத்துல என்னைய ஒரு நாளு கூட்டிகினு போனியா?" நான் சாவியைத் திருப்புவேன்.

அந்த ஓட்டமும் நிம்மதியாக இருக்காது. கண் சாலையில் பாதி, விளக்கில் பாதி. யாராவது குறுக்கே வந்துவிடுவார்களோ என்று கை ஹார்னிலேயே இருக்கும். ஒரு முறை ஆட்டு மந்தை மறித்தது. இன்னொரு முறை சாமி ஊர்வலம். இரண்டு முறையும் நடுவில் நின்றுபோனது. இனி ஒரு முறை நின்றால் வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று தெரிந்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

ஊரைத் தாண்டியதும் விளக்கு மின்ன ஆரம்பித்தது. அறுபதில் போனேன். எட்டு ஒன்பது கிலோமீட்டர் போயிருப்பேன். சாலையோரம் ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. ஓர் ஆள் துண்டை வீசிக்கொண்டு சாலைக்குள்ளேயே வந்தார். பக்கத்தில் கிலோமீட்டர் கல்லின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள்.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டு விளக்கைப் பார்த்தேன். மின்னிக்கொண்டிருந்தது. பின்னால் வேறு வண்டி வருகிறது என்று கையால் காட்டிவிட்டு வளைத்துக்கொண்டு போய்விட்டேன். பின்னால் ஒரு வண்டியும் வரவில்லை. கண்ணாடியில் அந்த ஆள் கொஞ்ச தூரம் ஓடி வந்து நின்றது தெரிந்தது.

ரேடியோ போட்டேன். அணைத்தேன். ஜன்னலை இறக்கினேன், ஏற்றினேன். பைக்கில் இருந்து விழுந்திருப்பார்கள், சிராய்ப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். குடித்திருப்பான் என்றும் சொன்னேன். ஒன்றும் ஒட்டவில்லை. அவள் உட்கார்ந்திருந்த விதம் கண்ணை விட்டுப் போகவில்லை. தோள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என் அக்காவுக்கு மூச்சு இழுப்பு வரும்போது அப்படித்தான் உட்காருவாள். விழுந்தவர்கள் அப்படி உட்கார மாட்டார்கள்.

அது உறைத்தபோது நாலு கிலோமீட்டர் தாண்டிவிட்டேன். வண்டியைத் திருப்பினேன்.

அவர்கள் அதே இடத்தில்தான் இருந்தார்கள். பக்கத்தில் போய் நிறுத்தினேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டது.

"அண்ணா, ஆரணி பெரிய ஆஸ்பத்திரிண்ணா, ஜல்தி! ஆம்புலன்ஸுக்கு சொல்லிட்டேன், வந்துகினே இருக்குதுன்றாங்க. பைக்கு செயின் அறுந்துபோச்சு. மூச்சுக்கு அடிக்கிற ஸ்ப்ரேவும் தீந்துபோச்சு." அந்த ஆள் அவளுடைய கணவர். நெல் தூற்றிய இடத்தில் தூசி ஏறி அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. இரண்டு பேரையும் முன்னால் ஏற்றினேன். அவள் பேசவில்லை, பேச மூச்சு இல்லை. குழாயில் தண்ணீர் வராமல் வெறும் காற்று மட்டும் வரும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது. உதடு நிறம் மாறியிருந்தது.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் கிளம்பியது. மின்னிய விளக்கு இப்போது நிலையாக எரிந்தது. பக்கத்தில் சிவப்பாக இன்னொன்று. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இருபது. இருபத்தைந்து. அதற்கு மேல் முள் ஏறவில்லை.

"என்னாண்ணா, மிதிங்க!"

"மிதிச்சிகினுதான் இருக்கேன்! இதுக்கு மேல போவாது!"

"போவாதா? புது வண்டியாட்டம் இருக்குது!"

புல்லுக்கட்டு வைத்த ஒரு மொபெட் எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அணைத்துக் கிளப்பிப் பார்த்தேன், அதே இருபத்தைந்துதான். சூபர்வைசர் நம்பரை எடுத்துக் கொடுத்து கணவரையே போன் போடச் சொன்னேன். நல்லவேளை, சூபர்வைசர் எடுத்தார், விளக்கு எரிவதைச் சொன்னேன்.

"சார், இனிமே ஓட்டாதீங்க. ஓரமா நிறுத்திட்டு டோ பண்ண சொல்லுங்க."

"உள்ள ஒரு பொம்பளைக்கு மூச்சு நின்னுகினு இருக்குதுய்யா! வேகமா போக ஒரு வழி சொல்லு!"

அவர் மெதுவாகச் சொன்னார். "அது சிஸ்டம் சார். நம்ம கையில ஒன்னும் இல்ல."

அந்தப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறாள் என்று புரிந்தது. "இதோ வந்துடுச்சும்மா" என்றேன். வரவில்லை. பாதி தூரம்கூட வரவில்லை.

பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. நான் ஒதுங்காமல் சாலை நடுவிலேயே போனேன். டிரைவர் எப்படியோ வலது பக்கம் ஏறி வந்து, "யோவ், மாட்டு வண்டியா ஓட்டிகினு போற? ஓரம் போய்யா!" என்று கத்தினார். கணவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கும்பிட்டார். டிரைவர் உள்ளே பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். முன்னால் போய் பஸ்ஸை நிறுத்தினார்.

அதற்குள் கண்டக்டர் கீழே குதித்துவிட்டார். "ஏம்மா, அந்த ஜன்னலாண்ட சீட்ட காலி பண்ணுங்க! இன்னாத்துக்கு வேடிக்கை பாத்துகினு, கைய குடுங்க!" நாலு பேர் இறங்கி அவளைத் தூக்கினார்கள், கணவரும் கூடவே ஏறிக்கொண்டார். யாரோ ஒரு பெரியவர், "என் ஸ்டாப்பிங்கு இன்னாத்துக்கு ஆவறது?" என்றார். "திரும்பி நடந்து வாய்யா, உடம்புக்கு நல்லது" என்றார் கண்டக்டர். எங்கும் நிற்காமல் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸை விட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த டிரைவரையும் ஏன் லேட் என்று கேட்க ஆள் இருக்கிறார்கள். அவர் அதை யோசித்ததாகவே தெரியவில்லை.

என் வண்டி ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவள் மூக்கிலும் வாயிலும் மாஸ்க் வைத்திருந்தார்கள். தோள் முன்போல் ஏறி இறங்கவில்லை. நர்ஸ் அம்மா கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "இவ்ளோ முத்தவுட்டு கூட்டிகினு வர்றீங்களே, என்னா பண்ணிகினு இருந்தீங்க?" அவர் என்னைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பி, "வழியில வண்டி கிடைக்கலங்க" என்றார்.

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. மொதல்ல நிக்காம போன வண்டி என்னுதுதான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். நம்பரு மனப்பாடம்" என்றார். "நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்க வம்சத்தையே திட்டி முடிச்சிட்டேன். தொண்டை காஞ்சி கெடக்குது. ஒரு டீ வாங்கி குடுங்க."

வாங்கிக் கொடுத்தேன். என்னால் குடிக்க முடியவில்லை.

இந்த ஃபில்டரை எதற்கு வைத்தார்கள்? வண்டிப் புகையால் மனிதர்களுக்கு மூச்சு முட்டக் கூடாது என்று வைத்தார்கள். நல்ல எண்ணம்தான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஃபில்டரை அறுத்து எறிந்துவிடலாம் என்று சொன்ன மெக்கானிக்குகளிடம் அன்றைக்கும் முடியாது என்றேன், இன்றைக்கும் அதையே சொல்கிறேன். ஆனால் அந்த ஃபில்டரைக் காப்பாற்றப் போய், மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போனேன். இதை நினைத்தால் இன்றும் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

மறுநாள் வண்டியை இழுத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன். கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகியிருந்தது. எத்தனை மணிக்கு நிறுத்தினேன், எத்தனை நிமிஷம் நின்றேன், எல்லாம். "நடுவுல நிறுத்தாதீங்கன்னு சொன்னோமே சார்" என்றார் சூபர்வைசர். எதற்கு நிறுத்தினேன் என்பது மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. அவரிடம் கோபப்பட்டு என்ன பயன்? முந்தின நாள் போனில் அவர் குரலும் நடுங்கியதைக் கேட்டவன் நான்.

அவள் பிழைத்துவிட்டாள். ஆனாலும் அந்த நாலு கிலோமீட்டரை நான் திரும்ப ஓட்ட முடியாது. ஒரு விளக்கு மின்னுகிறது என்பதற்காக ஆளை விட்டுவிட்டுப் போகக்கூடியவன் நான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், இனி சாகும் வரை அது தெரிந்துகொண்டேதான் இருக்கும். என் குற்றத்தை இத்தனை பேர் படிக்கும் இடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி கம்பெனிக்காரர்கள் பேச வேண்டும். உள்ளே உயிருக்குப் போராடும் ஆள் இருந்தாலும் வண்டி இருபத்தைந்தில்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? அவசரத்துக்கு ஒரே ஒரு முறை அமுக்கிக்கொள்ள ஒரு பட்டன் ஏன் வைக்கவில்லை? எனக்குத் தனியாக போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லாருக்கும் புரியும் தமிழில், பொறுப்பில் இருக்கும் ஒருவர் தன் பெயரைப் போட்டு பதில் எழுதட்டும்.